ஆயத்தம் முடியாத முதல் ஞாயிறுகள்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. நாற்பத்தாறு வருஷம் நான் அதில் கை நீட்டவில்லை. கோயிலுக்கே போகாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். மழையோ வெயிலோ, முதல் மணி அடிக்கும்போது கடைசி பெஞ்சில் இருப்பேன். பாட்டெல்லாம் மனப்பாடம். மற்றவர்கள் வரிசையாக எழுந்துபோய் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும்போது மட்டும் நான் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நான் இன்னும் ஆயத்தமாகவில்லை. அடுத்த மாதம் ஆகிவிடுவேன் என்று இருந்தேன்.

ஆயத்தம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஊர்க் கோயிலில் வேதபாடம் நடத்திய உபதேசியார். திருவிருந்தில் சேருமுன் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்துவார்கள். எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு முடித்துக்கொண்டவளுக்குப் பத்து வருஷம் கழித்து மறுபடியும் வகுப்பு என்றதும் பெரிய சந்தோஷம். உபதேசியாருக்குப் பெரிய மீசை. தகுதியில்லாமல் அந்தப் பந்தியில் கை வைக்கிறவர்கள் தங்கள் தலையில் தாங்களே தீயை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள் என்று அவர் சொல்லும்போது மீசையின் இரண்டு நுனியும் ஆடும். வகுப்பில் பதினோரு பெண்கள். பத்துப் பேர் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் பாடத்தைக் கவனித்தேன். அந்தப் பத்துப் பேரும் மாதம் தவறாமல் திருவிருந்து வாங்கி, பிள்ளை குட்டி பெற்று, இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள். கவனித்தவளுக்குத்தான் கஷ்டம்.

பத்து வருஷம் என்று எழுதிவிட்டேன். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குப் பதினைந்து வயதில் வகுப்பு என்றால் ஐந்து வருஷம்தான். அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதலாமா என்று கை பரபரக்கிறது. எழுதப் போவதில்லை. அப்படியே கிடக்கட்டும். இந்த ஒரு வரியை இப்படி விட்டுவைக்க எனக்கு எழுபத்தொரு வயது ஆக வேண்டியிருந்தது.

ஏனென்றால் நான் அப்படிப்பட்டவள். என் தங்கைக்குக் கடிதம் எழுத உட்காருவேன். நாலாவது வரியில் ஓர் எழுத்து கோணும். கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் எடுப்பேன். ஏழாவது வரியில் மை தீற்றிவிடும். அதையும் கிழிப்பேன். கடைசியில் தாள் தீர்ந்துபோகும். இரண்டு வருஷம் என்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை என்று தங்கை பஸ் ஏறி வந்துவிட்டாள். நான் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "உயிரோடதான் இருக்கியா? நான் ஒப்பாரி வைக்கத் துணியெல்லாம் எடுத்துட்டு வந்தேன்" என்றாள்.

கிறிஸ்மஸ் வந்தால் அச்சு முறுக்கு. இதழ் உடையாமல் பூப்போல வந்ததெல்லாம் அடுத்த வீடுகளுக்கு. இதழ் ஒன்று ஒடிந்திருந்தாலும் அது எங்கள் வீட்டுக்கு. என் மகன் பத்து வயதுவரை அச்சு முறுக்கு என்பதே உடைந்த பண்டம் என்று நினைத்திருக்கிறான். பக்கத்து வீட்டில் முழுசாக ஒன்றைக் கொடுத்தபோது, "இது என்னது?" என்று கேட்டானாம்.

கல்யாணமாகி விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்தேன். இவர்களுக்கு, என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், அங்கே நூல் மில்லில் வேலை. நாலாவது வருஷம் ஒரு சனிக்கிழமை, தெருக்குழாயில் எனக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் வாய்ச்சண்டை. என் குடத்தை நகர்த்தி அவள் குடத்தை வைத்துவிட்டாள். நான் சாதாரணமாக வாய் திறக்காதவள். அன்றைக்கு என்னவோ வந்துவிட்டது. "மூஞ்சியப் பாரு, சாம்பல் பூசுன பூசணிக்கா மாதிரி" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் முதல் ஞாயிறு; அதுவரை நானும் பயந்து பயந்து வாங்கிக்கொண்டிருந்தவள்தான். சமாதானம் செய்துவிட்டுத்தானே பந்திக்குப் போக வேண்டும். போய்ப் பார்த்தால் அவள் வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சரி, அடுத்த மாதம் போகலாம் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் பதினைந்து நாள் கழித்து வந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், கறிவேப்பிலை கேட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த முதல் ஞாயிறுக்குள் நான் மாமியாரைப் பற்றி மனதுக்குள் ஒன்று நினைத்துவிட்டேன். அதற்கடுத்த மாதம் மீன்காரி. இப்படியே போயிற்று. பாவம் தீர்ந்த மாதம் என்று ஒன்று வரவேயில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை வாயைத் திறப்பதில்லை என்று ஒரு நியமம் வைத்துக்கொண்டேன். பேசினால்தானே வம்பு. இவர்களுக்கு அந்த நாள் மிகவும் பிடித்துப்போனது. ஷிப்டு முடிந்து சைக்கிளை உள்ளே தூக்கி வைக்கும்போதே முகம் மலர்ந்திருக்கும். மில்லில் கூட வேலை பார்ப்பவர்களிடம், "அண்ணாச்சி, முதல் ஞாயித்துக்கெழம மாசத்துக்கு ஒண்ணுதாம் வருது. நாலா ஆக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பேசாமல் இருந்தும் பயனில்லை. சாயங்காலம் ஆயத்த ஆராதனைக்கு மணி அடிக்கும். இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு பாவமும் செய்யவில்லை என்று நினைப்பேன். அந்த நினைப்பு மனதுக்கு இதமாக இருக்கும். இதமாக இருக்கிறதே என்று பார்த்தால், அது பெருமை. பெருமையைவிடப் பெரிய பாவம் ஏது? முடிந்தது அந்த மாதம்.

நான் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருப்பதைச் சபையார் வீணாக்கவில்லை. கைக்குழந்தைக்காரிகள் கண்டுகொண்டார்கள். "பெரியம்மா, இவனக் கொஞ்சம் பிடிங்க, வந்திருதேன்" என்று முதலில் ஒருத்தி மடியில் போட்டாள். பிறகு இரண்டு, மூன்று. ஒரு கட்டத்தில் பெஞ்சில் ஐந்து குழந்தைகள் வரிசையாகக் கிடக்கும். ஒன்று என் காதுக்கம்மலை இழுக்கும், ஒன்று சேலையை நனைத்துவிடும். பீடத்தில் பரிசுத்தம், பெஞ்சில் ஈரம். தகுதியில்லாதவள் என்று நான் ஒதுங்கிக்கொண்ட இடம் சபைக்குப் பிள்ளை பிடிக்கும் இடமாகிவிட்டது.

ஒரே ஒரு தடவை எனக்குத் தகுதி வந்தது. சனிக்கிழமை முழுக்கக் காய்ச்சல். கண்ணைத் திறக்கவில்லை, ஒன்றும் நினைக்கவில்லை. ஞாயிறு காலை ஜுரம் விட்டிருந்தது. இதைவிடச் சுத்தமாக ஒரு சனிக்கிழமை கிடைக்காது என்று துணிந்து பெஞ்சிலிருந்து எழுந்தேன். உடனே முன்னாலிருந்த ஒருத்தி திரும்பினாள்.

"பெரியம்மா, எங்க போறிய?"

"திருவிருந்துக்கு."

"நீங்க போனா பிள்ளைய யாரு பிடிப்பா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. என்னைக் கேட்டால், எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதிதான். உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் போகாததற்குக் குழந்தைகள் காரணம், நான் இல்லை.

சபையில் என்னைப் பற்றி மூன்று விதமாகப் பேசிக்கொண்டார்கள். அவள் ரொம்பப் பக்தி, சாதாரண ஆளில்லை என்றார்கள் சிலர். வேறு சபைக்காரர்கள் ஆற்றில் வைத்து இரகசியமாக முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். மீதிப்பேர், உள்ளே என்னவோ பெரிய விஷயம் இருக்கிறது என்று சொன்னார்கள். இந்த மூன்றாவது கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள், பெண்கள் சங்கத்தில் பொருளாளர், ஒருநாள் என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனாள்.

"மதினி, என்ட்ட மட்டும் சொல்லுங்க. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"என்னத்தச் சொல்ல?"

"ஏன் திருவிருந்து வாங்க மாட்டுக்கிய?"

சொல்லித்தான் தீர வேண்டும் போலிருந்தது. "வியாழக்கெழம மீன்காரிய ஏசிட்டேன்" என்றேன்.

"சரி. பெறவு?"

"அவ்வளவுதான்."

அந்த அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. "அது இல்ல மதினி, பெருசா ஒண்ணு இருக்கும்லா" என்று இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றாள். என்னிடம் இல்லாததை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? "அந்த மதினி ரொம்ப அழுத்தம், மனசுல உள்ளத சொல்ல மாட்டுக்காவ" என்று பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சபைக் கமிட்டித் தேர்தல் வருகிற வருஷம் இன்னும் வேடிக்கை. இரண்டு அணி. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நாற்காலி பறக்கும். ஒருவர் சட்டையை இன்னொருவர் பிடித்திருப்பார். ஞாயிறு காலையில் கிழிந்த சட்டைக்காரரும் கிழித்தவரும் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போட்டு, கண்ணை மூடி, ஒரே பாத்திரத்தில் குடிப்பார்கள். பூனையைப் பார்த்துச் "சனியனே" என்று சொன்ன நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். அவர்களை இளக்காரமாக நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்னொரு மாதம் தள்ளிப்போட்டேன்.

இதையெல்லாம் சிரிப்பாகத்தான் எழுத வருகிறது. ஒன்று மட்டும் அப்படி வரவில்லை. ஆண்கள் வரிசை முதலில் போகும். இவர்கள் வாங்கிவிட்டு எழுந்து திரும்பும்போது ஒரு தடவை பின்பக்கம் பார்ப்பார்கள். நான் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தங்கள் இடத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்து ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாற்பத்தாறு வருஷமும் திரும்பிப் பார்த்தார்கள்.

மில்லிலிருந்து ஓய்வுபெற்றபின் மகனோடு வண்ணார்பேட்டைக்கு வந்துவிட்டோம். மாடி வீடு. கீழே எந்த நேரமும் பஸ் ஹாரன். போன வருஷம் இவர்களுக்கு நெஞ்சில் அடைப்பு என்று ஸ்பிரிங் வைத்தார்கள். அதிலிருந்து படியேற மூச்சு வாங்கும். இந்த வருஷம் எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். எங்கள் சபையில் ஐம்பது முடித்தவர்களை அந்த மாத முதல் ஞாயிறில் எல்லாருக்கும் முன்னால் ஜோடியாகக் கூப்பிட்டு, சேர்த்து முழங்கால் போடவைத்துத் திருவிருந்து கொடுப்பது ஒரு வழக்கம். மகன் மோதிரம் வாங்குவதாகச் சொன்னான். மருமகள் எல்லாருக்கும் பிரியாணி என்றாள். மறுநாள் சாயங்காலம் பால்கனியில் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது இவர்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"ஏளா, எனக்கு மோதிரம் வேண்டாம்."

"பெறவு என்ன வேணும்?"

"அன்னைக்கு நீ எங்கூட வா. ஒரு தடவ. எனக்கு அடுத்த முதல் ஞாயிறு உண்டோ இல்லியோ."

துணியை மடிப்பதை நிறுத்தாமல், "வாரேன்" என்றேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. இருந்தது ஒரு மாதம். ஐம்பது வருஷ அழுக்கு.

முறையாகச் செய்வோம் என்று ஆரம்பித்தேன். யாரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர்களையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். முதலில் அந்த எதிர்வீட்டுக்காரி. ஆதியில் அங்கேதானே சிக்கல் தொடங்கியது. அவள் இன்னும் விக்கிரமசிங்கபுரத்தில்தான் இருக்கிறாள். மருமகள் நம்பர் கண்டுபிடித்துப் போட்டுக் கொடுத்தாள். நலம் விசாரித்தோம், மூட்டுவலி விசாரித்தோம். பிறகு நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தேன்.

"அன்னைக்குக் கொழாயில வச்சு உன்ன ஒரு வார்த்த சொல்லிட்டேன். மன்னிச்சிக்கோ."

"எந்தக் கொழாயி?"

"நம்ம தெருக்கொழாயி. கொடத்த நவத்துனதுக்கு."

"எனக்கு ஞாபகமில்லயே. என்ன சொன்ன?"

"அது எதுக்கு இப்போ."

"சொன்னாத்தான மன்னிக்க முடியும். சொல்லு."

சொன்னேன்.

"சாம்பல் பூசுன பூசணிக்காயா? என் மூஞ்சியா?" என்றாள். "உன் மூஞ்சிய ஒருநாளாவது கண்ணாடியில பாத்திருக்கியா நீ? இதச் சொல்லத்தான் போன் போட்டியாக்கும், இத்தன வருஷங் கழிச்சு?"

வைத்துவிட்டாள். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்பு அணைந்துபோன சண்டையைத் தேடிப்போய் ஊதிப் பற்றவைத்திருக்கிறேன். மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மற்றவர்களுக்குப் போன் போடும் யோசனையை அத்தோடு விட்டேன்.

மனிதர்கள் சரிப்பட்டு வரவில்லை என்றதும் வீட்டில் இறங்கினேன். திரைச்சீலை துவைத்தேன். அலமாரியில் உள்ள பாத்திரங்களையெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். கட்டப்போகிற வெள்ளைச் சேலையை மூன்று தடவை இஸ்திரி போட்டேன். "அத்த, கோயிலுக்குப் போறதுக்கு எதுக்கு ஃபேனு றெக்கையெல்லாம் தொடைக்கிய?" என்று மருமகள் கேட்டாள். மனதைக் கழற்றித் துடைக்க முடியாதவள் ஃபேனைத் துடைக்கிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

சனிக்கிழமை காலை வேலைக்காரப் பெண் வந்து வீட்டைத் துடைத்துவிட்டுப் போனாள். அவள் துடைத்தது எனக்குப் போதவில்லை. எல்லாரும் வெளியே போன நேரம் பார்த்து ஒரு வாளி சோப்புத் தண்ணீர் கலந்து ஹாலில் ஊற்றினேன். மூலையெல்லாம் தேய்த்துக்கொண்டே வந்தேன். தரை பளபளவென்று இருந்தது. திரும்பி நின்று, இப்போதுதான் தரை தரையாக இருக்கிறது என்று நினைத்தேன். அதே தரை என் காலை வாரிவிட்டது.

கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு ஞாயிறு காலையில் அனுப்பினார்கள். மகனும் இன்னொருவரும் நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள். வண்ணார்பேட்டைக் கோயில் மணி கேட்டது. எங்களை ஜோடியாகக் கூப்பிட வேண்டிய நேரம். இவர்கள் கோயிலுக்குப் போகவில்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நேற்றைய வேட்டி, முகத்தில் சவரமில்லை.

வீடு அலங்கோலமாக இருந்தது. ஆஸ்பத்திரிப் பை ஒரு பக்கம், ஈரத்துண்டு ஒரு பக்கம். அடுக்களையில் முந்தின நாள் பாத்திரம் அப்படியே கிடக்கிறது. எனக்குக் கோபம் பொங்கியது. வேலைக்காரப் பெண் மேல் கோபம். ஒழுங்காக அவள் துடைத்திருந்தால் நான் ஏன் துடைக்கிறேன். சாம்பாரில் பெருங்காயத்தை அள்ளிப் போட்ட மருமகள் மேல் கோபம். கர்த்தர் மேலும்தான், ஒளிக்க என்ன இருக்கிறது. நாற்பத்தாறு வருஷம் கழித்து ஒருத்தி வருகிறேன் என்கிறாள், ஒருநாள் அவள் காலைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா? ஆனால் இந்த மூன்று பேரையும் விட்டுவிட்டு, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த இவர்கள் மேல் பாய்ந்தேன்.

"எல்லாம் உங்களாலதான். அம்பது வருஷமா இல்லாத ஆச இப்ப என்ன உங்களுக்கு? சாவப்போற காலத்துல."

சொல்லி முடிக்குமுன்பே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஸ்பிரிங் வைத்த நெஞ்சுக்காரரிடம் சொல்லுகிற வார்த்தையா அது. இவர்கள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்தார்கள், குடிக்காமல் மறுபடியும் மூடி வைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் காலிங்பெல் அடித்தது. எங்கள் சபை ஐயர். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். சின்ன வயதுக்காரர், வந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது. ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் சின்ன மரப்பெட்டி. ஆராதனை முடிந்ததும் நேராக வண்டியில் வந்திருக்கிறார். அந்தப் பெட்டி என்னவென்று எனக்குத் தெரியும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டில் வைத்துக் கொடுக்கிற திருவிருந்து அதில் இருக்கிறது.

ஓடுவதற்குக் கடைசி பெஞ்சு இல்லை. எழுந்து அடுக்களைக்குள் போகலாம் என்றால் கால் மாவுக்கட்டில்.

"ஐயா, இன்னைக்கு வேண்டாம்" என்றேன். "அடுத்த மாசம் ஆயத்தமாயிட்டு வாங்கிக்கிடுதேன்."

"என்னம்மா ஆயத்தம்?"

"குளிக்கல. தல வாரல. மனசும் சரியில்ல. இப்பதான் இவியள ஏசுனேன்."

ஐயர் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். "இன்னைக்குக் காலையில அங்கிய மாட்டும்போது நான் நம்ம கமிட்டிச் செயலாளர மனசுக்குள்ள என்ன சொன்னேன்னு தெரிஞ்சா, நீங்க என் கையால வாங்கவே மாட்டீங்க" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல மகனைப் பார்த்தார். மகன் அந்தச் செயலாளரின் எதிர் அணி. நல்லவேளை, அவனுக்குச் சந்தோஷம்.

நான் விடவில்லை. "வீடு கெடக்க கெடயப் பாருங்க ஐயா. இங்கன வச்சா அதக் கொடுப்பிய?"

அதற்கு இவர்கள்தான் பதில் சொன்னார்கள். நான் ஏசியபிறகு அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறக்கிறார்கள்.

"ஏளா, வீட்டு வாசலுக்கு வந்தாச்சு. வந்த ஆளப் பாத்து, வீடு பெருக்கல, அடுத்த மாசம் வாரும்னு சொல்லுவியா நீ?"

"நான் உங்கள ஏசிட்டேனே."

"ஏசத்தான் செஞ்ச. எனக்கும் காது இருக்குல்லா. வலிக்கத்தான் செய்யுது. அதுக்கென்ன இப்போ? அம்பது வருஷமா நீ ஏசாத மாதிரியும் நான் கேக்காத மாதிரியும்."

ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். வைக்க இடம் வேண்டும். கட்டிலருகே இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் மாத்திரை அட்டையும் தைலமும் கிடந்தன. மருமகள் அதையெல்லாம் ஒதுக்கி, கைக்கு எட்டிய ஒரு துண்டை விரித்தாள். பேரப்பிள்ளை குளித்துவிட்டுத் துவட்டுகிற துண்டு. நடுவில் பெரிய கரடி, குடை பிடித்துக்கொண்டு. மூன்று தடவை இஸ்திரி போட்ட என் வெள்ளைச் சேலை அலமாரியில் தொங்குகிறது, கர்த்தருடைய பாத்திரம் கரடியின் மூக்குமேல் நிற்கிறது. வேறு துண்டு எடு என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாரும் கண்ணை மூடிவிட்டார்கள்.

ஐயர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பாவ அறிக்கை வந்தது. கோயிலில் அந்த இடத்தில் நான் எல்லாருக்கும் மேலாக உருகிச் சொல்வேன். ஒரு வார்த்தை பிசகாது. அன்றைக்குப் பாதியில் நின்றுவிட்டது. மற்றவர்கள் சொல்லி முடித்தார்கள். ஐயர் என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்கம்மா" என்றார்.

பெண்கள் சங்கத்தில் சுற்று ஜெபம் வரும்போதெல்லாம் என் முறை வருமுன் தேயிலை போடுகிறேன் என்று எழுந்துபோகிறவள் நான். என் ஜெபம் ஜெபமாக இருக்காது என்று பயம். மனதுக்குள் நல்ல நல்ல வாக்கியமாகக் கோத்து வைத்திருப்பேன், வெளியே எடுத்ததில்லை. இப்போது அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள். கோத்து வைத்ததில் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

"கால் வலிக்குது" என்றேன்.

"ஆமென்" என்றார் ஐயர். உண்மையாகவே சொன்னார். ஏளனமில்லை.

அப்பத்தை உள்ளங்கையில் வைத்தார். இத்தனை லேசாக இருக்கும் என்பது மறந்துபோயிருந்தது. வாயில் போட்டதும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தீ விழவில்லை. வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. கீழே ஜங்ஷன் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். என் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, என் மேலெல்லாம் ஆஸ்பத்திரி வாடை, என் பாவம் ஆறிக்கூடப் போகவில்லை, பத்து நிமிஷத்துக்கு முந்தியது. அந்த நிலையில் கர்த்தர் என்னை எடுத்துக்கொண்டார். நான் சரியானபிறகு அவரிடம் போவேன் என்று இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். நான் சரியாவேனா இல்லையா என்று அவர் ஒரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்க்க வந்திருந்தார், அவ்வளவுதான். இதை அழகாகச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. மறுபடி எழுதிப் பார்த்தாலும் இவ்வளவுதான் வரும்.

பாத்திரத்தை ஐயர் என் உதட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். இவர்கள் நாற்காலியில் இல்லை. எப்போது இறங்கினார்களோ தெரியாது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு, என் கட்டுப் போட்ட காலுக்குப் பக்கத்தில், சோப்புப் போட்டுத் தேய்த்த அதே தரையில் முழங்கால் போட்டிருந்தார்கள். முழங்கால் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடித்தார். மருமகள் காப்பி போட எழுந்துபோனாள். இவர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. மகன் ஒரு பக்கமும் ஐயர் ஒரு பக்கமும் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினார்கள். பாதி உயரம் வந்து, "யம்மா" என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பைய, பைய" என்றேன். "இந்தாருங்க, என் கையப் பிடிச்சிக்கிடுங்க."

"உன் கையப் பிடிச்சா நீயும் சேந்துல்லா விழுவ." ஆனாலும் பிடித்துக்கொண்டார்கள். கை சில்லென்று இருந்தது.

"தூக்கட்டுமா ஐயா?" என்று கேட்டார் ஐயர்.

"வேண்டாம் ஐயா. கொஞ்ச நேரம் இப்படியே இருந்துக்கிடுதேன். நீங்க காப்பி குடிங்க."

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். சாவப்போற காலம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எப்படிக் கேட்டால் சரியாக இருக்கும் என்று வார்த்தை தேட ஆரம்பித்தேன். பிறகு தேடுவதை விட்டுவிட்டு, "இந்தாருங்க, நான் சொன்னது தப்பு" என்றேன்.

"தெரியும்" என்று சொன்னார்கள்.